மொட்டை மாடியில ஒரு பத்தாயம்!

"ஏட்டீ, நீ கரண்டுக்குல்லா படிக்க? இஞ்ச கரண்டு போச்சு. அந்தாக்கில கெளம்பி வா!"

காலைல ஒன்பதே கால் மணிக்குப் பெரியம்மைகிட்ட இருந்து போன். பதில் சொல்றதுக்குள்ள கட்! நான் நாகர்கோவில்ல ஒரு கல்லூரியில மூணாம் வருஷம் ட்ரிபிள் ஈ. எங்க குடும்பத்துல அதுக்கு அர்த்தம், மிக்ஸி ஓடலேன்னாலும் டி.வி. ரிமோட் மக்கர் பண்ணாலும் எனக்குத்தான் போன் வரும்ங்கிறது. பாதி ரிப்பேருக்கு, பேட்டரியைக் கழத்தித் திருப்பிப் போடுறதோட என் அறிவு முடிஞ்சிரும். ஆனா, கரண்டு போனதுக்கே எனக்கு போன் வந்தது அன்னிக்குத்தான்.

காரணம் இருக்கு. 2025 ஜனவரியில பெரியம்மை வீட்டு மொட்டை மாடியில ரெண்டு கிலோவாட் சோலார் மாட்டினாங்க. பெரியம்மையோட ரெட்டைவடச் செயின் அதுக்காக பேங்க்ல போய் உக்காந்துச்சு. மாட்ட வந்தவங்ககிட்ட அவங்க கேட்டது ஒரே கேள்விதான். "கரண்டு போனாலும் எரியுமா?" அவங்க சொன்ன பதில், "சூரியன் இருக்கிற வரைக்கும் ஒங்களுக்குக் கவலையே இல்லம்மா!" கேட்டதுக்கு அது பதிலே இல்லைன்னு எனக்கு இப்பதான் புரியுது. அன்னிக்குப் பக்கத்துல நின்ன நானும் தலையாட்டினேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி பெரியப்பா இருக்காரு. அவருக்கு இழுப்பு. பனியோ புழுதியோ கொஞ்சம் கூடினா நெபுலைசர் வைக்கணும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் எங்க மாவட்டத்தைப் பிச்சுப் போட்டப்ப, ஆயிரக்கணக்குல மின்கம்பம் சாஞ்சது. பல ஊருக்கு ஒரு வாரத்துக்கு மேல கரண்டு இல்லை. பெரியப்பாவைச் சாய்வு நாற்காலியில உக்கார வச்சு ராத்திரி பூரா விசிறினது யாருன்னா, பெரியம்மை. நான் அப்ப பன்னெண்டு வயசுப் பொண்ணு. அந்த மூச்சுச் சத்தம் மட்டும் இன்னும் காதுல இருக்கு.

வடசேரியில பஸ் ஏறி, கோட்டாறு தாண்டி, சுசீந்திரம் போய், தேரூர்ல இறங்கினேன். தேரூர் தெரியும்தானே? கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊர். ஒரு பக்கம் குளம், மறுபக்கம் வயல், நடுவுல தெரு. சுசீந்திரம் - தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல ராம்சார் அங்கீகாரம் கிடைச்சுது. உலகத்துல எங்கெங்கேயோ இருந்து பறவைங்க இங்க வந்து இறங்குது. அதுல சில பறவைங்க பெரியம்மை வீட்டு சோலார் பேனல் மேலயும் இறங்கி, வந்ததுக்கு அடையாளம் விட்டுட்டுப் போகுது. வாரத்துக்கு ஒருநாள் மாடிக்கு வெள்ளம் கொண்டுபோய்க் கழுவுறது பெரியம்மையோட புது வேலை.

நான் போய்ச் சேர்ந்தப்ப மணி பத்தரை. மார்ச் மாச வெயில், மண்டையைப் பொளக்குது. மாடியில நாலு பேனலும் பளபளன்னு மின்னுது. கீழ ஃபேன் அசையாம நிக்குது. பெரியப்பா திண்ணையில விசிறிக்கிட்டு இருக்காரு. மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மதியம் 2 மணி வரை மின்தடைன்னு பேப்பர்லயே போட்டிருந்தான்.

"அவன் கரண்டைத்தானே நிறுத்தினான்? நம்ம சூரியனை யாரு நிறுத்தினா?"

பெரியம்மையோட இந்தக் கேள்விக்கு அஞ்சு செமஸ்டர் முடிச்ச எனக்குப் பதில் தெரியலை. இன்வெர்ட்டர் பக்கத்துல போய், தெரிஞ்ச மாதிரி ரெண்டு தட்டு தட்டினேன். சிவப்பு லைட் கண்ணடிச்சுது. "கிரிட் இல்லை"ன்னு ஒரு எழுத்து. அவ்வளவுதான். "சவம், ஒன்ர லெச்சம் போச்சு"ன்னு பெரியம்மை அடுப்படிக்குள்ள போயிட்டாங்க. வீட்டுல எரியாத ஒரே பல்பை அன்னிக்கு நான்தான் வாங்கினேன்!

வெளிய வந்தா, தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்துல இ.பி. ஆளுங்க நாலஞ்சு பேர். வேலை பாதியில சாயா நேரம். அதுல வயசுல மூத்த ஒரு அண்ணாச்சிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கலை. சாயா கிளாஸை மதில் மேல வச்சாரு.

"மக்ளே, ஒங்க பெரியம்மை வீட்டுல இப்ப அது எரிஞ்சா நான் இந்தக் கம்பத்துல ஏற முடியாது. தெரியுமா?"

அப்புறம் சொன்னாரு பாருங்க, அது எந்த லேப்லயும் எனக்கு யாரும் சொல்லலை. டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம்னு எதுவும் கிடையாது. 11 ஆயிரம் வோல்ட்டை வீட்டுக்கு வர்ற 230-ஆ இறக்குற அதே டிரான்ஸ்பார்மர், வீட்டுப் பக்கம் இருந்து 230-ஐத் தள்ளினா மறுபக்கம் 11 ஆயிரமா ஏத்திக் கொடுத்துரும். புக்ல 'டர்ன்ஸ் ரேஷியோ'ன்னு மனப்பாடம் பண்ணி எட்டு மார்க் வாங்கினது இதைத்தான்! லைன் ஆஃப்னு நினைச்சு ஒருத்தர் மேல நிக்கிறப்ப, ஏதோ ஒரு வீட்டுல இருந்து கரண்டு திரும்பி வந்தா... மேல சொல்லணுமா?

"நாங்க ஏபி சுவிட்சை எறக்கி, லைன் கிளியர் வாங்கி, ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டித்தான் ஏறுவோம். இருந்தாலும் ஒரு கல்யாண வீட்டுல சேஞ்ச்ஓவர் இல்லாம ஜெனரேட்டரை ஓட்டி, எங்க பயலுக ஒருத்தனுக்குக் கை போச்சு. அதுக்கப்புறம் ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலே எனக்கு வெப்ராளந்தான்."

அவர் பேர் வேண்டாம்னுட்டாரு. கையைச் சட்டைப்பையில விட்டுக்கிட்டே இதைச் சொன்னாரு. அது ஏன்னு நானும் கேக்கலை.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். இன்டர்னல்ஸுக்குக்கூட அப்படிப் படிச்சதில்லை. மேட்டர் இதுதான்.

பேனல்ல வர்றது டி.சி. அதை ஏ.சி.யா மாத்துறது இன்வெர்ட்டர். நம்ம வீட்டுல பொதுவா மாட்டுற இன்வெர்ட்டருக்குச் சொந்தத் தாளம் கிடையாது. கச்சேரியில மிருதங்கத்தைப் பார்த்துக் கடம் வாசிக்கிற மாதிரி, இ.பி. லைன்ல ஓடுற 50 ஹெர்ட்ஸைக் கேட்டு, அதோட அப்படியே சேர்ந்து வாசிக்கும். மிருதங்கம் நின்னா கடமும் நிக்கணும். ரெண்டு விநாடிக்குள்ள தானே கழண்டுக்கணும்கிறது விதி. இதுக்குப் பேரு 'ஆன்ட்டி ஐலாண்டிங்'. ஊரே இருட்டா இருக்கிறப்ப ஒரு வீடு மட்டும் கரண்டை வெளிய தள்ளிக்கிட்டுத் தனித்தீவா நிக்கக்கூடாதுன்னு வச்ச பேரு. அந்த ரெண்டு விநாடியை நம்பித்தான் அண்ணாச்சி மாதிரி ஆளுங்க கம்பத்துல ஏறுறாங்க.

கரண்டு போனாலும் எரியணும்னா பேட்டரி வேணும். வீட்டை லைன்ல இருந்து கழத்திவிட்டுத் தனியா ஓட்டத் தெரிஞ்ச 'ஹைப்ரிட்' இன்வெர்ட்டர் வேணும். அதுக்கு விலை வேற. பெரியம்மைக்கு மாட்டினது அது இல்லை. அவங்க வாங்கினது கரண்டு போனா உதவுற சாமான் இல்லை, பில்லைக் குறைக்கிற சாமான். ரெண்டும் ஒண்ணுதான்னு அவங்க நினைச்சாங்க. அப்படி நினைக்கும்படியா வித்துட்டுப் போயிட்டாங்க.

சரி, பில்லாவது குறைஞ்சுதா? அங்கதான் அடுத்த பஞ்சாயத்து!

ஏப்ரல்ல மறுபடி தேரூர் போனேன். பெரியம்மை இந்தத் தடவை வெள்ளை அட்டையோட உக்காந்திருந்தாங்க. "இன்வெர்ட்டருல 555 யூனிட்னு காட்டுகு. மீட்டருல நாம கொடுத்தது 375-ன்னு காட்டுகு. பாக்கி 180 யூனிட்டை யாரு கொண்டு போனா?"

கேள்வியைப் பாருங்க! வாரம் முழுக்க பேனலைக் கழுவுறவங்களுக்குத்தான் இப்படிக் கணக்குக் கேக்கத் தோணும். இந்தத் தடவை நான் தயாரா இருந்தேன்.

சோலார் போட்ட வீட்டுல பழைய மீட்டரைக் கழத்திட்டு இருவழி மீட்டர் வைப்பாங்க. உள்ள வந்த யூனிட் ஒரு கணக்கு, வெளிய போன யூனிட் ஒரு கணக்கு. பகல்ல பேனல் தர்ற கரண்டு முதல்ல நம்ம வீட்டு ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டருக்குத்தான் போகும். அது மீட்டர் பக்கமே வராது. மிச்சம் இருக்கிறதுதான் மீட்டர் வழியா வெளிய போகும். அந்த 180 யூனிட்டை யாரும் திருடலை. பெரியம்மை அதை அரைச்சு, குளிர வச்சு, தென்னைக்கு வெள்ளமும் பாய்ச்சிட்டாங்க.

பிப்ரவரி - மார்ச் கணக்கு இப்படி. ராத்திரியிலும் காலைலயும் லைன்ல இருந்து எடுத்தது 340 யூனிட். பகல்ல லைனுக்குக் கொடுத்தது 375. எடுத்ததைவிடக் கொடுத்தது 35 கூட. அந்த 35 அடுத்த பில்லுக்கு வரவா நிக்கும். கொடுத்ததை எடுத்ததுல கழிச்சு மிச்சத்துக்கு மட்டும் காசு வாங்குற இந்த ஏற்பாட்டுக்குப் பேருதான் 'நெட் மீட்டரிங்'. தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், எல்லா வீட்டுக்கும் 2016 மே-ல இருந்து முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல படிப்படியா ஏறும்ங்கிறது நமக்குத் தெரிஞ்சதுதான். 2024 ஜூலையில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட கட்டணப்படி கீழ்ப்படியில யூனிட் 4 ரூபாய் 80 காசு, ஆயிரத்துக்கு மேல போனா 11 ரூபாய் 80 காசு. அப்ப நெட் மீட்டரிங்ல கழியிற ஒவ்வொரு யூனிட்டும் மேல் படியில இருந்துதான் கழியும். விலை கூடுன யூனிட்தான் முதல்ல போகும். ரொம்பச் செலவழிக்கிற வீட்டுக்கு சோலார் சீக்கிரம் லாபமாகுறதும், 100 யூனிட்டுக்குள்ள வாழுற வீட்டுக்கு அது தேவையே இல்லாமப் போறதும் இதனாலதான்.

இந்த ஐடியா முதல்ல யாருக்கு வந்துச்சுன்னு தேடினா, ஒரு செம கதை. 1979-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் ஸ்டீவன் ஸ்ட்ராங்னு ஒரு கட்டடக் கலைஞர், தான் கட்டின வீட்டு மாடியில சோலார் வச்சாரு. அந்தக் காலத்து மீட்டருக்குள்ள ஒரு தகடு சுத்தும். கரண்டு வெளிய போனா அது பின்னோக்கிச் சுத்தும். மீட்டரே தன்னைத் தானே கழிச்சுக்கும். தனிச் சட்டமோ ஆணையோ எதுவும் தேவைப்படலை. 1983-ல மினசோட்டா மாநிலம், 40 கிலோவாட்டுக்குக் கீழ உள்ளதுக்கு இதையே சட்டமாக்கிருச்சு.

நம்ம ஊருக்கு வந்த கதை கொஞ்சம் வளைஞ்சு நெளிஞ்சது. 2012-ல தமிழ்நாடு அரசு சூரிய மின்சக்திக் கொள்கை வெளியிட்டுச்சு. 2013 நவம்பர்ல ஆணையம் நெட் மீட்டரிங்குக்கு ஆணை போட்டுச்சு. அதுல ஒரு கடிவாளம்: வருஷக் கணக்கு முடியறப்ப, நாம செலவழிச்சதுல 90 சதவீதம் வரைக்கும்தான் கழிவு. அதுக்கு மேல கொடுத்தது போச்சு. மாடியில மின்சாரப் பண்ணை நடத்திப் பணக்காரர் ஆகலாம்னு யாரும் கிளம்பிரக் கூடாதுல்ல!

2019-ல ஒரு திருப்பம். புதுக் கொள்கை வந்து, நெட் மீட்டரிங்கை எடுத்துட்டு 'நெட் ஃபீட்-இன்' வச்சாங்க. யூனிட்டுக்கு யூனிட் கழியாது. நாம எடுக்கிறதுக்கு நம்ம விலை. நாம கொடுக்கிறதுக்கு, வாரியம் சோலார் வாங்குற சராசரி விலையில 75 சதவீதம்தான். நெல்லைக் களத்துல வித்துட்டு அரிசியைக் கடையில வாங்குற கதை. 2021 அக்டோபர்ல ஆணையம் மறுபடி வீடுகளுக்கு மட்டும் நெட் மீட்டரிங்கைக் கொண்டு வந்துச்சு. கூடவே, 'நெட்வொர்க் கட்டணம்'னு ஒரு புது வார்த்தையையும்.

அந்த வார்த்தை எனக்கு முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அண்ணாச்சி ஞாபகம் வந்ததும் கொஞ்சம் அடங்குச்சு. பெரியம்மை பகல்ல கொடுத்ததை ராத்திரி திருப்பி எடுக்கணும்னா நடுவுல கம்பம் நிக்கணும், கம்பி ஓடணும், டிரான்ஸ்பார்மர் இருக்கணும், ஒக்கி மாதிரி ஒண்ணு அடிச்சா நட்டுவிட ஆள் வேணும். பில் பூஜ்ஜியம் ஆனாலும் கம்பத்துக்குச் செலவு பூஜ்ஜியம் ஆகாது. சோலார் வச்ச வசதியான வீடுங்க எல்லாம் பில் கட்டாம நழுவிட்டா, அந்தச் செலவு மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்காரங்க தலையில விழும். இந்தச் சண்டை உலகம் பூராவும் நடக்குது. சோலார்ல முன்னாடி நின்ன கலிஃபோர்னியாவே 2023 ஏப்ரல்ல, புதுசா மாட்டுறவங்களுக்கு வெளிய கொடுக்கிற யூனிட்டோட மதிப்பை ஏகத்துக்கும் வெட்டிருச்சு. யார் பக்கம் நியாயம்னு என்னைக் கேட்டா... பெரியம்மை பக்கம் பாதி, அண்ணாச்சி பக்கம் பாதி.

மானியத்தையும் சொல்லிடுறேன். நிறையப் பேர் கேக்குறாங்க. 2024 பிப்ரவரியில மத்திய அரசு ஒரு கோடி வீடுகளுக்குன்னு 75,021 கோடி ரூபாய்ல 'பி.எம். சூர்ய கர்' திட்டம் கொண்டு வந்துச்சு. முதல் ரெண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000, மொத்தம் 78,000-க்கு மேல இல்லை. பெரியம்மைக்கு 60,000 பேங்க்ல விழுந்துச்சு. அது நேரா செயின் கடனுக்கே போச்சு.

ஆனா, நாஞ்சில் நாட்டு வானம் லேசுப்பட்டது இல்லை மக்களே! தமிழ்நாட்டுல நிறைய இடத்துல ஒரு மழைக்காலம்னா, எங்களுக்கு ரெண்டு. ஜூன்ல தென்மேற்கு வந்து கொட்டும். அக்டோபர்ல வடகிழக்கு வந்து மிச்சத்தைக் கொட்டும். கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட்ங்கிறது பொதுக்கணக்கு. ஜூன் - ஜூலையில பெரியம்மை வீட்டுல அது மூணைக்கூடத் தொடலை. ரெண்டு மாசத்துக்கு 330 யூனிட்தான். பகல்ல வீடு எடுத்தது போக வெளிய போனது 190. உள்ள வந்தது 380. நிகரம் 190 யூனிட். பில் வந்துச்சு, பெரியம்மை முகமும் தொங்கிருச்சு.

இன்னொரு வேடிக்கையும் இருக்கு. நாம இருக்கிறது எட்டு டிகிரி அட்சத்துல. அதனால ஏப்ரல் பாதியில இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிவெயில் நமக்கு வடக்குப் பக்கம்தான் நிக்கும். பேனலைத் தெற்கே சாய்ச்சுத்தான் வைக்கணும், அதுவும் லேசா. டெல்லிக்குச் சாய்க்கிற மாதிரி இங்க சாய்ச்சா அஞ்சு மாசம் வெயில் நேரா விழாது, சாய்வாத்தான் படும். அப்புறம் தென்னை! ஒத்தை ஓலை நிழல் ஒரு பேனல்ல விழுந்தா, வரிசையா இணைச்சிருக்கிற மத்த பேனலும் சேர்ந்து படுத்துரும். மணக்குடி மாதிரிக் கடலோர ஊர்ல உப்புக்காத்து கிளாம்பை அரிக்கும். குமரி மாவட்டத்துல சோலார் மாட்ட இன்வெர்ட்டர் அறிவு மட்டும் பத்தாது, கொஞ்சம் தோப்பு அறிவும் கடல் அறிவும் வேணும்.

ஆடிச் செவ்வாய் அன்னிக்கு பெரியம்மை கூப்பிட்டாங்க. தாழக்குடிப் பக்கம் ஔவையாரம்மன் கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே முப்பந்தல் இசக்கியம்மனையும் பார்த்துட்டு வரணுமாம். பெரியப்பாவுக்கு நேர்ச்சை. ஒரு ஆட்டோ பேசிக் கிளம்பினோம்.

தோவாளை தாண்டினதும் காத்து ஆரம்பிச்சுது. ஆரல்வாய்மொழி கிட்டப் போகப் போக ஆட்டோ ஒரு பக்கமா ஒதுங்குது. தெற்கேயும் வடக்கேயும் மலை, நடுவுல ஒரு வாசல். தென்மேற்குக் காத்து இந்தச் சந்துக்குள்ள நுழையிறப்ப நெருக்கிக்கிட்டு வேகம் எடுக்கும். (1809 பிப்ரவரியில வெள்ளைக்காரப் படையும் வேலுத்தம்பி தளவாயோட கோட்டையை உடைச்சுக்கிட்டு இதே வாசல்லதான் நுழைஞ்சுது. காத்துக்கும் கம்பெனிக்கும் ஒரே வழி!) கணவாயைத் தாண்டினா முப்பந்தல். கண்ணுக்கு எட்டின வரைக்கும் காத்தாடி. மூவேந்தரும் பந்தல் போட்டுக் கூடின இடம்னு ஊர்க்கதை சொல்லுது. இப்ப ஆயிரக்கணக்கான ராட்சதக் காத்தாடிங்க கூடி நிக்குது. இசக்கியம்மன் கோயில்ல லாரியெல்லாம் நின்னு கும்பிட்டுத்தான் போகுது.

கோயில் வாசல்ல உக்காந்து மட்டிப்பழம் உரிச்சுக்கிட்டே பெரியம்மை கேட்டாங்க, "இவ்வளவு சுத்துகே, இது யாருக்குள்ள கரண்டு?"

அப்பதான் எனக்கே உறைச்சுது. நம்ம நெட் மீட்டரிங்குக்கு அண்ணன் இங்கயே நிக்கிறான்! இந்தக் காத்தாடியில பலதுக்குச் சொந்தக்காரங்க கோயம்புத்தூர், திருப்பூர், ராஜபாளையம்னு தூரத்துல இருக்கிற மில்காரங்க. மே-ல இருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க காத்து கொட்டும். அப்ப உண்டாகிற கரண்டை வாரியத்து லைன்ல விடுவாங்க. காத்து ஓய்ஞ்ச மாசத்துல மில்லுல எடுத்துக்குவாங்க. இதுக்குப் பேரே 'பேங்கிங்'. சும்மா இல்லை, போட்டு வச்ச யூனிட்ல ஒரு பங்கை வாரியம் கழிச்சுக்கும். ஒரு காலத்துல 5 சதவீதமா இருந்தது, பின்னாடி ஏறி 2018-ல 14 சதவீதம் ஆச்சு. இந்த வசதி எத்தனை மாசத்துக்கு, எவ்வளவு கழிவுன்னு ஆணையத்துக்கும் மில்காரங்களுக்கும் வாரியத்துக்கும் வருஷக்கணக்கா வழக்கு. மொட்டை மாடிச் சண்டையேதான். சைஸ் மட்டும் பெருசு.

நான் பேங்கிங், கிரெடிட், செட்டில்மென்ட்னு அள்ளி விட்டேன். பெரியம்மை பழத்தோலை ஓரமா வச்சாங்க.

"இதுக்கா இவ்வளவு இங்கிலீசு? அந்தக் காலத்துல கன்னிப்பூ அறுப்புக்கு முன்ன அரிசி தீந்தா பக்கத்து வீட்டுல ரெண்டு நாழி வாங்குவோம். அறுத்த பெறவு ரெண்டு நாழி கொடுப்போம். அன்னைக்கு அரிசி என்ன வெலைன்னு யாரும் கேக்க மாட்டாவ. நாழிக்கு நாழி. அதானே?"

அதேதான்! என் நோட்டுல ஏழு பக்கத்துக்கு இருந்தது.

"ஆனா பிள்ளே, வாங்குன வீட்டுல பத்தாயம்னு ஒண்ணு இருக்கணும்லா? இந்த இ.பி.காரன் நம்ம கரண்டை எதுல கொட்டி வச்சிருக்கான்?"

மறுபடி மாட்டிக்கிட்டேன். எதுலயும் கொட்டி வைக்கலை. அதுதான் இதுல பெரிய தமாஷே. நாம பகல்ல கொடுக்கிற யூனிட்டை அந்த நிமிஷமே பக்கத்து வீட்டு மிக்ஸி தின்னுரும். ராத்திரி நாம எடுக்கிறது எங்கயோ எரியிற நிலக்கரியோ, கூடங்குளமோ, கோதையாறு தண்ணியோ, இந்தக் காத்தாடியோ. மீட்டர்ல இருக்கிறது நெல் இல்லை, நெல்லுக்கான சீட்டு. பகல்ல எல்லா மாடியும் ஒரே நேரத்துல கொட்ட ஆரம்பிச்சா வாங்கித் தின்ன ஆள் இருக்காது. சாயந்திரம் ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல கை நீட்டினா கொடுக்க ஆள் இருக்காது. 'நாழிக்கு நாழி'யை அரசாங்கங்க ஒவ்வொண்ணா யோசிக்க ஆரம்பிச்சது இதனாலதான்.

"அப்ப பத்தாயம் நாமதான் வாங்கணும்"னாங்க பெரியம்மை. அதோட எந்திரிச்சு முந்தானையை உதறிட்டு ஆட்டோவுக்கு நடந்துட்டாங்க.

நெசமாவே வாங்கிட்டாங்க. பெரிய ஹைப்ரிட் எல்லாம் இல்லை. சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும். பெரியப்பா படுக்கிற அறைக்கு மட்டும் தனி ஒயர். ஒரு ஃபேன், ஒரு லைட், நெபுலைசருக்கு ஒரு பிளக். கரண்டு போனா அந்த மூணும் லைன்ல இருந்து கழண்டு பேட்டரிக்கு மாறிரும். நெபுலைசர் பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான் ஓடும், பேட்டரிக்கு அது கொசுக்கடி. கணக்குப் போட்டு, ஒயர் சைஸ் பார்த்துச் சொன்னது நான்தான். என் முதல் புராஜெக்ட். மார்க்குக்குப் பதிலா மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும்.

போன வாரம் போனேன். அன்னிக்கும் பராமரிப்பு மின்தடை. மாடியில வெயில், பேனல் சும்மா காயுது, இன்வெர்ட்டர்ல அதே சிவப்பு லைட். உள்ள பெரியப்பா நெபுலைசர் மாட்டிக்கிட்டு, மேல ஃபேன் சுத்த, பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. பெரியம்மை நாள்காட்டியில மீட்டர் ரீடிங் எழுதிக்கிட்டு இருந்தாங்க. வாசல்ல கேட்ட சத்தத்துக்கு எட்டிப் பார்த்தவங்க, கம்பத்துல ஏணியைச் சாத்துற அண்ணாச்சியைப் பார்த்துட்டுக் குரல் கொடுத்தாங்க:

"அண்ணாச்சீ... எங்க வீட்டு சோலாரு அணைஞ்சுதான் கெடக்கு. இப்பதான் போய்ப் பாத்தேன். தைரியமா ஏறும். எறங்கினதும் சாயா குடிச்சிட்டுப் போவும்!"